பொய்மீன்

ஜூன் 23, திங்கள்

இந்த நோட்டு பிசியோ பிள்ளை கொடுத்தது. பேரு அபிநயா. திங்கக்கிழமைதோறும் டவுன்ல இருந்து ஸ்கூட்டியில வந்து என் வீட்டுக்காரருக்குக் கை கால் பயிற்சி கொடுக்குது.

"தெனமும் மூணு விஷயம் எழுதணும்மா. என்ன சாப்பிட்டாங்க, கை எப்படி இருக்கு, என்ன வார்த்தை பேசுனாங்க. அடுத்த வாரம் வந்து படிப்பேன்"ன்னு சொல்லிச்சு.

"நான் நாலாப்போட நின்னவ. என் எழுத்த நீ படிச்சு முடிக்கதுக்குள்ள உனக்குப் பேரன் பிறந்திருவான்"னு சொன்னேன். அதுக்கு இன்னும் கல்யாணமே ஆகல. வெக்கத்துல ஸ்கூட்டி சாவிய விட்டுட்டுப் போய்த் திரும்பி வந்துச்சு.

சரி, எழுதுதேன். சாப்பாடு, மூணு இட்லி. கை, மடங்குனது மடங்குனபடி. சொல், ஒண்ணே ஒண்ணு.

வீட்டுக்காரர் பேரு இஞ்ஞாசி. ஐம்பத்தஞ்சு வயசு. கைத்தூண்டில் போட்டு மீன் பிடிக்கிறவிய. ஜூன் நாலாம் தேதி மூளையில ரத்தம் அடைச்சு வலப்பக்கம் விழுந்துருச்சு. பன்னெண்டு நாள் ஆஸ்பத்திரி. இப்ப காலை இழுத்து இழுத்து நடக்காவ. கைதான் வரல. பேச்சும் போச்சு. மிச்சம் இருக்கது "பொய்"ங்கிற ஒரு சொல் மட்டும். அது ஏன் மிஞ்சுச்சுன்னு டாக்டருக்கே தெரியல.

"சோறு போதுமாங்க?"

"பொய்."

"தலைய வலிக்குதா?"

"பொய்."

"என் குழம்பு நல்லாருக்கா?"

"பொய்." அது ஒண்ணத்தான் சரியாச் சொல்லுதாவ.

பிசியோ பிள்ளை கேட்டுச்சு, "எப்படிம்மா ஆரம்பிச்சது?"

"நான் சந்தைக்குப் போகும்போது நல்லாத்தான் இருந்தாவ. பத்தேகாலுக்கு வந்து பாத்தா கட்டிலுக்குக் கீழ கெடக்காவ."

கட்டில்ல இருந்து "பொய்"ன்னு ஒரு சத்தம். பிள்ளை சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன்.

ஜூன் 24

கச்சான் காத்து பிடிச்சிருச்சு. மேக்கே இருந்து அள்ளிக் கொட்டுது. சோத்துல மணல், தலையணையில மணல், நாக்குல மணல். ஒரு கதவைச் சாத்தினா இன்னொரு கதவு அடிக்குது. இவியளும் அந்தக் கதவு மாதிரிதான். உக்காந்தா எந்திரிக்காவ, எந்திரிச்சா உக்காருதாவ.

கஞ்சி, பருப்புத் துவையல். சுண்டுவிரல் ஆடிச்சு. தானா ஆடிச்சா, காத்துல ஆடிச்சான்னு தெரியல.

ஜூன் 26, வியாழன்

பிசியோ பிள்ளை சொன்ன பட்டாணி வேலை. ஒரு கிண்ணத்துல இருந்து இன்னொரு கிண்ணத்துக்கு வலது கையால எடுத்துப் போடணும். கால்மணி நேரத்துல மூணு பட்டாணி. நாலாவது பட்டாணிய இடது கையால எடுத்து என் மூஞ்சியில எறிஞ்சாவ.

"என்ன துரை, சுண்டல் வியாபாரம் பிடிக்கலையா?"ன்னு கேட்டேன்.

முந்தியா இருந்தா இதுக்கு என்ன பதில் வந்திருக்கும்! இருபத்தெட்டு வருஷமா இந்த வீட்டுல நான் ஒண்ணு சொன்னா இவிய ரெண்டு சொல்லுவாவ. எங்க பேச்சைக் கேக்கதுக்காகப் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டிவிய அணைச்சிருவா. இப்ப நான் ஒண்ணு சொல்லுதேன், சுவரு கேட்டுக்கிட்டு இருக்கு.

பிறகு என் பல் பிரஷ்ஷைக் காட்டி "பொய்! பொய்!"ன்னாவ.

"தேச்சிட்டேங்க, வேணும்னா மோந்து பாருங்க"ன்னு வாயைக் கிட்ட கொண்டுபோனேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டாவ. அடுத்து கரண்டிக் கூடையக் காட்டி "பொய்." ஆணியில தொங்குற ஷாம்பு சரத்தைக் காட்டி "பொய்."

"ஆமாங்க, ஷாம்பு பொய்தான். போட்டுப் போட்டு முடி கொட்டுனதுதான் மிச்சம்."

கட்டிலை ஓங்கி ஒரு அடி. இடது கையாலதான்.

ஜூன் 28

வீட்டுல சாமான் காணாமப் போகுது. என் பிரஷ். ஒரு ஸ்பூன். ரெண்டு ஷாம்பு பாக்கெட். உடைஞ்ச குடையில ஒரு கம்பி. திருநாளுக்குத் தைச்ச நீல ஜாக்கெட்ல சம்கி ஒரு பக்கம் மட்டும் உதிர்ந்திருக்கு. எலியா இருந்தா சம்கி வச்சு ஜாக்கெட் தைக்குற எலியா இருக்கணும்.

சாயங்காலம் எங்க அண்ணன் ரெமிஜியுஸ் வந்தாரு. ஆட்டோ ஓட்டுதவரு, இதே தெருதான். எந்திரிச்ச நேரத்துல இருந்து படுக்குற வரைக்கும் வெத்தலை. இடது கன்னத்துல ஒதுக்கி வச்சுக்கிட்டு வாயை ஒரு பக்கமாக் கோணித்தான் பேசுவாரு.

"என்ன மாப்ள, எப்படி இருக்கீரு? வாயி கொஞ்சம் நேராயிருக்கே. இனி இந்த ஊருல கோண வாயி நான் ஒருத்தன்தானா வே?"

காப்பி டம்ளரைக் கீழ போட்டுட்டேன். கை வழுக்கிருச்சு. அண்ணனைச் சீக்கிரமா அனுப்பிட்டேன். அடுப்புல வேலை இருந்துச்சு.

சாப்பாடு என்னன்னு மறந்துட்டேன். என்னமோ தின்னாவ.

ஜூன் 30, திங்கள்

பிசியோ பிள்ளை நோட்டைப் படிச்சுச் சிரிச்சுச்சு. சம்கி எலியை ரெண்டு தடவை படிச்சுச்சு. பிறகு ஒரு தாள்ல படம் வரைஞ்சு காட்டுச்சு. ஒருதடவை வந்தவங்களுக்கு மறுதடவையும் வரலாமாம். மூணு அடையாளம் பாக்கணுமாம். சிரிக்கச் சொன்னா வாய் கோணும். ரெண்டு கையையும் தூக்கச் சொன்னா ஒரு கை இறங்கும். பேச்சு குழறும்.

"உடனே தூக்கிட்டுப் போயிரணும்மா. நாலு நாலரை மணி நேரத்துக்குள்ள போனா அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கு. அன்னைக்கு இதுல ஏதாவது பாத்தீங்களா?"

"நான் எங்க பாத்தேன். நான் சந்தைக்குப் போகும்போது நல்லாத்தான் இருந்தாவ."

"பொய்"ன்னாவ இவிய.

"பாருங்கம்மா, இப்ப சத்தம் நல்லாத் தெளிவா வருது"ன்னு பிள்ளைக்கு ஒரே சந்தோஷம்.

ஜூலை 2

எழுத ஒண்ணும் இல்ல. பழைய சோறு. கை அப்படியே. சொல்லும் அதே. காத்தும் அதே.

ஜூலை 4, வெள்ளி

மணலை உதறலாம்னு படுக்கையத் தூக்கினேன். மெத்தைக்கு அடியில கெடக்கு எல்லாம். பிரஷ்ஷோட கைப்பிடியப் பல்லால கடிச்சுக் குட்டையாக்கியிருக்காவ. ஷாம்பு பாக்கெட்டை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரித் திருப்பி, வெள்ளி மினுங்க, கைப்பிடியில சுத்தி நூலால கட்டியிருக்காவ. நூலு தாறுமாறா ஓடுது, ஒத்தைக் கையும் பல்லும் பண்ணுன வேலைன்னு பாத்தாலே தெரியும். என் ஜாக்கெட் சம்கி ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, சோத்துப் பருக்கையால ஒட்டினது.

திட்டுறதுக்கு வாயைத் தொறந்தேன். தொறந்தபடியே நின்னுட்டேன். சம்கி ரெண்டும் கண்ணு. வெள்ளித்தாளு வயிறு. பிரஷ் முடி வாலு.

பிசியோ பிள்ளைக்குத் தெரியாது, அதனால சொல்லுதேன். தூண்டில்ல இரை இல்லாதப்போ மீனு மாதிரி மினுங்குற ஒண்ணைக் கட்டித் தண்ணியில இழுப்பாவ. பெரிய மீனு அதைக் குட்டி மீனுன்னு நெனச்சு வந்து கடிக்கும். கடையில வாங்குறவங்க வாங்குவாங்க. இவிய எப்பவும் வீட்டுச் சாமான்லயேதான் செய்வாவ. யூரியா சாக்கு நாரு, பேனா குழாய், ஒருதடவை என் கம்மல். அதுக்கு எங்க ஊருல பேரு பொய்மீன்.

"பொய்மீனாங்க?"

அப்படி ஒரு தலையாட்டல் நான் பாத்ததில்ல. கண்ணுல தண்ணி ஓடுது. "பொய்! பொய்!"

பாதிச் சொல்லுதான் வெளிய வந்திருக்கு. மீனு தொண்டைக்குள்ளேயே நின்னுக்கிட்டு இருந்திருக்கு. பிரஷ் வேணும், கரண்டி வேணும், ஷாம்பு பாக்கெட் வேணும்னு ஒரு மாசமா இந்த மனுஷன் கேட்டுக்கிட்டே இருந்திருக்காவ.

நான் தரையில உக்காந்து சிரிச்சேன். ஸ்டெல்லா என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டா. அவளுக்கு அதுல என்ன சிரிப்புன்னு புரியல. புரியாம இருக்கட்டும்.

ராத்திரி ரெண்டு தோசை கூடுதலாச் சுட்டேன்.

ஜூலை 7, திங்கள்

பட்டாணிய இன்னைக்குக் குழம்புல போட்டுட்டேன். பிசியோ பிள்ளை பொய்மீனைக் கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. "இதைவிட நல்ல பயிற்சி நான் கொடுக்க முடியாதும்மா. ஆனா நீங்க உதவி பண்ணக் கூடாது. வலது கை பிடிக்கணும், இடது கை கட்டணும். அப்புறம் ஒருநாள் வலது கையே ஒரு முடிச்சுப் போடணும்."

"முடிச்சுத்தான? அன்னைக்கு மாதா கோயில்ல போட்டாவ, இன்னும் அவுக்க முடியாமத் தவிக்காவ"ன்னு சொன்னேன். இவிய இடது கையால கும்பிடு போட்டாவ. ஒத்தைக் கைக் கும்பிடு!

ஜூலை 9

வீடு பட்டறை ஆயிருச்சு. சமையக்கட்டுல எதைத் தேடினாலும் அது மீனாகிப்போய்க் கெடக்கு. ரப்பர் செருப்பை அறுத்து மிதக்குற மீனு. ஸ்ட்ராவுல கணவாய். பழைய சி.டி.யை உடைச்சு வயிறு. ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேங்காவ. ஒண்ணை முடிக்கதுக்கு முன்னால அடுத்ததுக்குக் கை போகுது. கை வரலன்னா எறியுதாவ, எறிஞ்சதை நானே பொறுக்கிக் கொடுக்கணும்.

இன்னைக்கு மெழுகுவர்த்தியில பிளாஸ்டிக்கை இளக்கும்போது வலது கை ஆள்காட்டி விரல்ல ஒரு சொட்டு விழுந்துச்சு. வெடுக்குன்னு கையை இழுத்தாவ!

வலது கை. சூடு தெரிஞ்சிருக்கு.

நான் அந்த விரலைப் பிடிச்சு ஊதினேன், பிறகு சர்க்கரை டப்பாவை எடுத்து ஒரு கரண்டி வாயில போட்டேன். புருஷன் கை சுட்டதுக்கு இனிப்பு கொடுத்தவ உலகத்துல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

ஜூலை 11, வெள்ளி

ஸ்பூன் மீனு. கைப்பிடியை அறுத்துட்டு, குழியா இருக்க பாகத்துல ரெண்டு முனையிலயும் ஓட்டை போட்டு, ஒரு முனையில தூண்டில் முள்ளு, இன்னொண்ணுல நூலு. தண்ணியில இழுத்தா புரண்டு புரண்டு மின்னும். அறுக்க அண்ணன் பிளேடு கொண்டுவந்தாரு. பாதி அறுத்த பிறகுதான் ஸ்பூனைத் திருப்பிப் பாத்தாரு.

"ஏ வே! இது நான் உம்ம கல்யாணத்துக்குப் போட்ட ஸ்பூனுல்லா! என் பேரு வெட்டியிருக்கு பாரும்!"

குழியோட முதுகுல புள்ளி புள்ளியா "ரெமிஜியுஸ்."

"அதான்ணே நல்லது. மீனு உங்க பேரைப் படிச்சதும் மயங்கி விழுந்துரும்"னு சொன்னேன்.

அண்ணன் சிரிச்சாரு, வெத்தலை ஒழுகிருச்சு. வாயைத் துடைச்சுக்கிட்டு என்னைப் பாத்தாரு. "ஏ பிள்ள, முந்தி நான் வாயைத் தொறந்தாலே நீங்க ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பிய. மாப்ள என்னை மாதிரி நடிச்சுக் காட்டுவாரு, எனக்கே நான்தானோன்னு சந்தேகம் வரும். இப்ப நீ என் மூஞ்சியையே பாக்க மாட்டேங்க. நான் என்ன பண்ணுனேன்?"

"மூஞ்சியில என்ன இருக்கு பாக்கதுக்கு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

இந்தப் பக்கத்தையும் அடுத்ததையும் எழுதி முடிச்சதும் சோத்துப் பருக்கையால ஒட்டப் போறேன். பிசியோ பிள்ளை, இது உனக்கு இல்ல.

ஜூன் நாலு காலைல அஞ்சரை மணி. நான் சும்மாட்டைச் சுத்தித் தலையில வச்சு மீன் சட்டியத் தூக்கப் போறேன். இவிய அடுப்படி வாசல்ல வந்து நின்னாவ. வாய் ஒரு பக்கமாக் கோணியிருக்கு. என்னமோ சொல்லுதாவ, ழ ழன்னு வருது.

எனக்கு அண்ணன்தான் ஞாபகத்துக்கு வந்தாரு. கல்யாணத்துக்கு மறுநாள்ல இருந்து இவிய அண்ணனை மாதிரி வாயைக் கோணி நடிச்சுத்தான் என்னைச் சிரிக்க வைப்பாவ. நான் கோபமா இருந்தா அண்ணன் வருவாரு. அரிசி இல்லன்னா அண்ணன் வருவாரு. என் அம்மா செத்த பதினாறாம் நாள்கூட அண்ணன் வந்தாரு, நான் சிரிச்சிட்டேன்.

அன்னைக்கும் சிரிச்சேன். "அண்ணன் தோத்தாரு போங்க! இன்னும் கொஞ்சம் எச்சி ஒழுகுனா சரியா இருக்கும்"னு சொன்னேன்.

ஒழுகிச்சு.

நான் கை தட்டினேன்.

கை தட்டிட்டு, சட்டியத் தூக்கிட்டுப் போயிட்டேன். பின்னால ஒரு சத்தம் வந்துச்சு. அதுவும் நடிப்புன்னு நெனச்சுத் திரும்பல. பஸ்ல சிரிச்சுக்கிட்டே போனேன். சந்தையில பொம்பளைகளுக்கு வாயைக் கோணி நடிச்சுக் காட்டினேன். எல்லாரும் சிரிச்சாவ. பத்தேகால் வரைக்கும்.

டாக்டர் கேட்டப்போ "போகும்போது நல்லாத்தான் இருந்தாவ"ன்னு வாயில வந்துருச்சு. ஒருதடவை வந்தது, பிறகு எல்லார்கிட்டயும் அதுவே வருது. பங்குச் சாமியார்கிட்டயும் அதுதான் சொன்னேன். கப்பல்ல இருக்க மகன் போன் பண்ணுனப்போ அவன்கிட்டயும்.

ஒட்டுறேன்.

ஜூலை 14, திங்கள்

"ரெண்டு பக்கம் ஒட்டியிருக்கேம்மா?"ன்னு பிள்ளை கேட்டுச்சு.

"சோறு சிந்திருச்சு."

"பொய்"ன்னாவ இவிய. கையில ரப்பர் மீனு இருந்துச்சு. அதைத்தான் சொல்லியிருப்பாவ.

ஜூலை 19, சனி

மனசு கெடந்து துடிக்குது, எழுதி முடிச்சாத்தான் அடங்கும்.

காலைல இவிய எல்லா மீனையும் பையில போட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்துட்டாவ. கடலுக்குப் போகாம எந்திரிக்க மாட்டேன்னு அர்த்தம். அண்ணன் ஆட்டோவுல தூண்டில் வளைவுக்குக் கொண்டுபோனாரு. கடலுக்குள்ள கல்லைக் கொட்டி வளைச்சிருப்பாங்களே, அது. நானும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு ஒரு தட்டைக் கல்லுல உக்கார வச்சோம். காத்து முதுகுல அடிக்குது. எறிஞ்சா தூரம் போகும்.

தூண்டில் நூலைத் தண்ணி பாட்டில்ல சுத்தி வலது கையில கொடுத்தோம். இடது கையால வீச்சு.

முதல்ல பிரஷ் மீனு. தண்ணியில விழுந்ததும் மல்லாந்துருச்சு. செத்து ரெண்டு நாள் ஆன மாதிரி வயித்தைக் காட்டிக்கிட்டு வருது. "ஏங்க, இதைப் பாத்து மீனு கடிக்க வராது, துக்கம் கேக்கத்தான் வரும்"னேன். அண்ணன் கல்லுல தட்டித் தட்டிச் சிரிச்சாரு. இவியளுக்குக் கோபம், பிரஷ்ஷைக் கடல்லயே எறியப் போயிட்டாவ. நான் பிடுங்கி மடியில வச்சுக்கிட்டேன்.

ரப்பர் மீனை ஒண்ணும் சீண்டல. ஸ்ட்ரா கணவாய் பாறையில மாட்டி அறுந்துச்சு.

பிறகு ஸ்பூன். அண்ணன் பேரு போட்டது. ஒருதடவை, ரெண்டு தடவை, ஏழு தடவை. எட்டாவது வீச்சுல பாதித் தூரம் இழுத்திருப்பாவ, நூலு விண்ணுன்னு நின்னுச்சு. கல்லுன்னு நெனச்சோம். கல்லு ஓடுமா? பாட்டில் வலது கையில திமிறுது. நான் பிடிக்கப் போனேன், முழங்கையால என்னைத் தள்ளிவிட்டாவ. அந்த வலது கை, ஒரு பட்டாணியத் தூக்க அழுத கை, பாட்டிலை விடவே இல்ல. விரல் எல்லாம் வெளுத்துருச்சு.

பாறை மீனு. ஒன்றரைக் கிலோ இருக்கும். கல்லு மேல துள்ளுது, வாயில ஸ்பூனு.

"ஏ வே, என் பேரைக் கடிச்சிருக்கு!"ன்னு அண்ணன் குதிக்காரு.

இவிய வாயைத் தொறந்தாவ. தொண்டை ஏறி இறங்குச்சு. "மீ"ன்னாவ. பிறகு, "மீன்."

"என்னது?"

"மீன். மீன். மீன்!"

நாப்பத்தஞ்சு நாளைக்குப் பிறகு ரெண்டாவது சொல்லு. அண்ணன் அழுதாரு. நான் அழல, மீனைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன், இல்லன்னா அது தண்ணிக்குப் போயிருக்கும்.

ஜூலை 20, ஞாயிறு

சாப்பாடு, பாறை மீன் குழம்பு. கை, நல்லா இறுக்கிப் பிடிக்குது. சொல் ரெண்டு. சேத்தும் வருது. பையைக் காட்டி "பொய்மீன்"ன்னு முழுசாச் சொன்னாவ. பத்துத் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

பூசை முடிஞ்சு ஸ்டெல்லாவும் அவ மாமியாரும் பாக்க வந்தாவ. மாமியார்க்காரி கேட்டா, "எப்படித்தான் திடீர்னு வந்துச்சோ?"

"நான் சந்தைக்குப் போகும்போது நல்லாத்தான் இருந்தாவ..."

"பொய்."

நான் மிச்சத்துக்காகக் காத்திருந்தேன். மீன் வரும்னு பாத்தேன். இப்பத்தான் வருதே.

வரல. இவிய கையிலயும் எதுவும் இல்ல. என்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தாவ.

ஜூலை 21, திங்கள்

பிசியோ பிள்ளை வந்துச்சு. மீன் சொல்லைக் கேட்டுக் கை தட்டுச்சு. எனக்குக் கை தட்டுற சத்தம் பிடிக்கல.

அடுத்த திங்கள்ல இருந்து நான் சந்தைக்குப் போகலாம்னு சொல்லிச்சு. "காலைல அவங்களே அவங்களைப் பாத்துக்குவாங்கம்மா, பதினோரு மணிக்கு நான் வந்துருவேன்." இவிய தலையாட்டினாவ.

ஜூலை 22

சொல்லிட்டேன். மத்தியானம், கதவைச் சாத்திட்டு. இவிய பிரஷ் மீனு வயித்துல ஈயக் குண்டு கட்டிக்கிட்டு இருந்தாவ, மல்லாக்காம இருக்க. நான் அடுப்படி வாசல்லயே நின்னு சொன்னேன். அண்ணன்னு நெனச்சதைச் சொன்னேன். எச்சி ஒழுகச் சொன்னதைச் சொன்னேன். கை தட்டினதை, சந்தையில நடிச்சதைச் சொன்னேன். எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்னு சொன்னேன்.

ரெண்டு சொல் இருக்கே, அதுல ஒண்ணைச் சொல்லலாம்ல? சொல்லல. குனிஞ்சு நூலைச் சுத்திக்கிட்டே இருந்தாவ.

ஜூலை 24

சாப்பாடு பாதி. சொல் இல்ல. ஒண்ணுகூட இல்ல.

கதவு ரெண்டையும் கயித்தால கட்டிப்போட்டேன். அப்படியும் அடிக்குது.

ஜூலை 26

ஒருநாள் பூரா அந்த ஒரே மீனுதான். என்னைக் கண்டா முதுகைக் காட்டி உக்காருதாவ. கிட்ட போனா துண்டைப் போட்டு மூடுதாவ. "ஏங்க, திட்டுறதா இருந்தா மீனுன்னாவது திட்டுங்க"ன்னு சொன்னேன். திரும்பல. நான் மூணு தடவை வாசல் தெளிச்சேன், ரெண்டு தடவை பாத்திரம் விளக்கினேன். விளக்குன பாத்திரத்தையேதான்.

ஜூலை 28, திங்கள்

காலைல அஞ்சரை. சும்மாட்டைச் சுத்தித் தலையில வச்சேன். சட்டியத் தூக்கினேன். திரும்பினா இவிய அடுப்படி வாசல்ல நிக்காவ.

வாய் கோணியிருக்கு. எச்சி ஒழுகுது. ழ ழன்னு சத்தம்.

சட்டி தெருவரைக்கும் உருண்டுச்சு. நான் அதுக்கு முன்னால தெருவுக்குப் போயிட்டேன். "அண்ணே! அண்ணே! ஆட்டோவை எடுங்க!" செருப்பு இல்ல, முந்தானை எங்க இருந்துச்சுன்னு தெரியல. ஸ்டெல்லா ஓடி வாரா, அவ மாமியார் ஓடி வாரா. "அன்னைக்கும் இப்படித்தான் நின்னாவ! நான் சிரிச்சேன்! கை தட்டிட்டுப் போயிட்டேன்! நான் பாவி, பாத்துக்கிட்டே போனேன்!" தெரு பூராக் கேட்டிருக்கும். கேக்கட்டும்.

அண்ணன் ஆட்டோவை வாசல்ல இடிச்சு நிறுத்தினாரு. நான் உள்ள ஓடி இவிய தோளைப் பிடிச்சேன். பிசியோ பிள்ளை படம் வரைஞ்சது ஞாபகம் வந்துச்சு. "கையைத் தூக்குங்க! ரெண்டு கையையும் தூக்குங்க!"

தூக்கினாவ. இடது கை மேல போச்சு. வலது கையும் போச்சு. நெஞ்சைத் தாண்டி, தோளைத் தாண்டி, காதுவரைக்கும். ஒரு நாளும் அவ்வளவு ஏறுனதில்ல. அந்த விரல்ல ஒரு நூலு, நூலுல பிரஷ் மீனு, மூக்குல ஒரு முடிச்சு. இடது கை முடிச்சு இறுக்கமா இருக்கும். இது தொளதொளன்னு, குழந்தை போட்ட மாதிரி.

அப்பத்தான் வாயைப் பாத்தேன். தொங்குறது இடப்பக்கம். வியாதியில தொங்குனது வலப்பக்கம். இடப்பக்கம் அண்ணன் வெத்தலை ஒதுக்குற பக்கம்.

வாய் மெதுவா நேராச்சு.

"பொய்"ன்னாவ.

சொல்லிட்டுச் சிரிச்சாவ. முந்தி சிரிப்பாவளே, வயித்துல இருந்து, அதே சிரிப்பு.

சும்மாட்டைத் தலையில இருந்து எடுத்து அடிச்சேன். தோள்ல, முதுகுல, அகப்பட்ட இடத்துல எல்லாம். துணிதான, வலிக்காது. என் கை ஓயுற வரைக்கும் அடிச்சேன். அதுக்குப் பிறகு அவிய நெஞ்சுல முட்டிக்கிட்டு நின்னேன். வலது கை என் முதுகுல வந்து விழுந்துச்சு. கனமா இருந்துச்சு.

அண்ணன் வாசல்ல அப்படியே நிக்காரு. "ஏ பிள்ள, அப்போ அன்னைக்கு... நான்னு நெனச்சா விட்டுட்டுப் போன?"

"ஆமாண்ணே."

அண்ணன் வெளிய போய் வெத்தலையத் துப்பிட்டு வந்தாரு. "இனி நான் இதைத் தொட மாட்டேன்"னு சொன்னாரு. வாய் நேரா இருக்கு, யாரோ வேத்தாள் மாதிரி. இவிய அவரு மூஞ்சியப் பாத்தாவ, பிழைப்பே போனவிய மாதிரித் தலையில கை வச்சுக்கிட்டாவ. ஸ்டெல்லாதான் முதல்ல சிரிச்சா.

பிசியோ பிள்ளை, பதினோரு மணிக்கு நீ வந்து இதைப் படிப்ப. சாப்பாடு, இப்பவரைக்கும் அடி மட்டும்தான், இட்லி சட்டியில இருக்கு. கை, காதுக்குச் சமமா. முடிச்சு ஒண்ணு. ஒட்டுன பக்கத்தைத் தண்ணி தொட்டுப் பிரிச்சிருக்கேன், ஓரத்துல கொஞ்சம் கிழிஞ்சிருக்கு, மிச்சத்தைப் படி.

எப்படி ஆரம்பிச்சதுன்னு இனி என்கிட்ட கேக்காத. அவியகிட்டக் கேளு, நடிச்சுக் காட்டுவாவ. நான் சந்தைக்குப் போறேன்.